தாத்தா எந்தக் கப்பலில் இருந்தார்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். தாத்தா இரண்டாம் உலகப்போரில், அன்றைய பிரிட்டிஷ் ஆட்சியின் இந்தியக் கடற்படையில் இருந்தார். அவர் விட்டுப்போன டிரங்குப் பெட்டியில் நான்கு மெடல்கள், 'எச்.எம்.ஐ.எஸ்.' என்று மட்டும் எழுதிய ஒரு தொப்பி நாடா, சீருடையில் ஒரு போட்டோ, பாதி கிழிந்த டிஸ்சார்ஜ் சான்றிதழ் இவ்வளவும் இருக்கின்றன. சான்றிதழில் அக்பர், தல்வார், ஜம்னா, அடையாறு என்று நான்கு பெயர்கள் தெரிகின்றன, தேதிகள் அழிந்துவிட்டன. 1943-இல் சேர்ந்தார், அட்லாண்டிக்கில் ஜெர்மன்காரனோடு சண்டை போட்டார் என்று சித்தப்பா சொல்கிறார். எங்கே தேடுவது, மெடல்களைப் பாலிஷ் போடலாமா, அத்தை மகன் வாங்கி வைத்திருக்கும் 'ராயல் நேவி' (பிரிட்டிஷ் கடற்படை) பித்தளைத் திசைகாட்டி உண்மையானதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாலிஷ் மட்டும் போடாதீர்கள். துணி கொண்டு அழுத்தித் துடைக்கவும் வேண்டாம். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

டெல்லிக்கும் லண்டனுக்கும் கடிதம் எழுதப் போகுமுன் அந்தப் பெட்டியையே முழுதாகப் படித்துவிடுங்கள். பெரும்பாலானோர் நேராக ஆவணக் காப்பகத்தில்தான் தொடங்குகிறார்கள். என்ன கேட்பது என்று தெரியாமல் கேட்டால் 'கிடைக்கவில்லை' என்ற ஒரே வரிதான் பதிலாக வரும். உங்கள் பெட்டியில் உள்ளவை குறைவு என்று நினைக்காதீர்கள். நீங்கள் எழுதிய விவரங்களை வைத்தே சித்தப்பா சொன்ன இரண்டு செய்திகளைச் சோதித்துப் பார்க்கலாம்.

மெடல்களை எடுத்துக்கொள்வோம். 1939–45 ஸ்டார், பர்மா ஸ்டார், வார் மெடல், இந்தியா சர்வீஸ் மெடல் என்று நீங்கள் வரிசைப்படுத்தியிருக்கிறீர்கள். அந்தக் காலத்து நட்சத்திரங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. ஆறு முனை, நடுவில் அரசரின் முத்திரை, அதைச் சுற்றி எழுதிய பெயர் மட்டும்தான் மாறும். ரிப்பன்களின் நிறத்துக்கும் பொருள் உண்டு. 1939–45 ஸ்டாரின் கருநீலம் கடற்படைக்கும் வணிகக் கப்பல்களுக்கும், சிவப்பு தரைப்படைக்கும், வெளிர்நீலம் விமானப்படைக்கும் உரியவை.

இப்போது கணக்குப் பாருங்கள். இந்தியா சர்வீஸ் மெடல் 1939 செப்டம்பர் 3-க்கும் 1945 செப்டம்பர் 2-க்கும் இடையில் மூன்று ஆண்டுகள் போர்முனை அல்லாத பணியில் இருந்த இந்தியப் படையினருக்குத் தரப்பட்டது. 1945 செப்டம்பருக்குள் மூன்று ஆண்டு முடிய வேண்டுமானால் 1942 செப்டம்பர் தொடக்கத்துக்குள்ளாவது அவர் சேர்ந்திருக்க வேண்டும். 1939–45 ஸ்டாருக்குக் கடற்படையினர் பொதுவாக ஆறு மாதம் போர்ப் பகுதியில் கடலில் இருந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தையும் சேர்த்தால் 1942-இன் தொடக்கமே பொருந்தி வருகிறது. ஆகவே சித்தப்பா சொல்லும் 1943 பெரும்பாலும் அவர் முதன்முதலாக விடுப்பில் ஊருக்கு வந்த ஆண்டாகவோ, கப்பலில் ஏறிய ஆண்டாகவோ இருக்கும். வீட்டில் தங்கும் நினைவுகள் அப்படித்தான். நிகழ்ச்சி மறக்காது, ஆண்டு நழுவிவிடும்.

அட்லாண்டிக் விஷயமும் அப்படியே. அங்கே பணி செய்தவர்களுக்கு அட்லாண்டிக் ஸ்டார் என்று தனியாக ஒன்று உண்டு. அதையும் பர்மா ஸ்டாரையும் ஒருவரே பெறத் தடை இல்லை. (பசிபிக் ஸ்டாரும் பர்மா ஸ்டாரும்தான் ஒருவருக்கு ஒன்று, மற்றதற்கு ரிப்பன் மேல் ஒரு பட்டை மட்டும்.) உங்களிடம் அட்லாண்டிக் ஸ்டார் இல்லை. தொலைந்திருக்கலாம், வாங்காமலே விட்டிருக்கலாம் என்றாலும், மற்ற நான்கும் பத்திரமாக இருக்கும்போது அது மட்டும் தொலைந்தது என்பதை நான் எளிதில் ஏற்கமாட்டேன். பர்மா ஸ்டார் கடற்படையினருக்கு வங்காள விரிகுடாப் பகுதிப் பணிக்காகத் தரப்பட்டது. தாத்தா சண்டை போட்டது ஜப்பானோடு என்றுதான் அந்த மெடல் சொல்கிறது.

ஒவ்வொரு மெடலின் விளிம்பையும், நட்சத்திரங்களின் பின்புறத்தையும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பிரிட்டனில் வழங்கிய இரண்டாம் உலகப்போர் மெடல்களில் பெயர் பொறிக்கவில்லை. இந்தியப் படையினருக்கு வழங்கியவற்றில் பலவற்றில் எண்ணும் பெயரும் பதித்திருக்கும். பாலிஷ் வேண்டாம் என்றது இதனால்தான். ஆண்டுக்கு ஒருமுறை அன்போடு தேய்த்துத் தேய்த்து அந்த எழுத்தை மழுங்கடித்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். சான்றிதழில் பணி எண் பாதி போய்விட்டது என்கிறீர்கள். மீதிப் பாதி மெடலின் விளிம்பில் இருக்கக்கூடும். சாய்வான வெளிச்சத்தில், ஜன்னல் ஓரமாக வைத்துப் பார்த்தால் மங்கிய பதிவும் தெரியும்.

அந்த எண் கிடைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியது போல. தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதிய குமாஸ்தாக்கள் ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள். இனிஷியல் முன்னால் ஓரிடம், தந்தை பெயர் பின்னால் ஓரிடம், சாதிப் பெயரையே குடும்பப் பெயராக்கி வேறோரிடம். 'சாமி' என்பது நான்கு விதமாக வரும். ஊரும் அப்படித்தான். தஞ்சாவூர் டாஞ்சூராக இருக்கும், திருநெல்வேலி டின்னவெல்லியாக இருக்கும். எண் மட்டும் எந்தத் தாளிலும் மாறாது.

அடுத்து அந்த நான்கு பெயர்கள். நீங்கள் நான்கு கப்பல்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று கப்பலே அல்ல. பிரிட்டிஷ் கடற்படையின் வழக்கத்தைப் பின்பற்றி, கரையில் இருந்த பயிற்சி முகாம்களுக்கும் தளங்களுக்கும் கப்பலைப் போலவே பெயர் வைத்தார்கள். அங்கே பணி செய்தவரும் தாளில் 'கப்பலில்' இருப்பவர்தான். அக்பர் பம்பாயை அடுத்த தாணாவில் இருந்த பயிற்சி முகாம். தல்வார் பம்பாயில் இருந்த சிக்னல் பள்ளி. அடையாறு சென்னையில் இருந்த தளம். இதேபோல் கராச்சியில் ஹிமாலயா பீரங்கிப் பயிற்சிக்கு, ஜாம்நகரில் வல்சுரா டார்பிடோப் பயிற்சிக்கு, லோனாவ்லாவில் சிவாஜி எந்திரப் பயிற்சிக்கு, விசாகப்பட்டினத்தில் சர்க்கார்ஸ், கொச்சியில் வெண்டுருத்தி. நான் என் பெரியப்பாவைப் பற்றித் தேடியபோது 'ஹிமாலயா' என்ற கப்பலின் படத்துக்காகப் பல மாதங்கள் அலைந்தேன். அது கராச்சியின் மனோரா முனையில் உள்ள ஒரு கட்டடத் தொகுதி என்று தெரிந்த நாளில்தான், அதுவரை புரியாமல் வைத்திருந்த அவருடைய கடிதங்கள் எல்லாம் பொருந்தி வந்தன. கடலில் இருப்பவர் எப்படி வாராவாரம் ஒரே இடத்திலிருந்து கடிதம் போடுகிறார் என்று குழம்பியிருந்தேன்.

ஜம்னா மட்டும் உண்மையான கப்பல். ஸ்லூப் வகையைச் சேர்ந்த காவல் கப்பல். 1943 ஜூலையில் இத்தாலியின் சிசிலித் தீவில் நேச நாட்டுப் படைகள் தரையிறங்கியபோது சட்லெஜ் என்ற இன்னொரு ஸ்லூப்பும் ஜம்னாவும் மத்தியதரைக் கடலில் இருந்தன. பிறகு 1945 ஜனவரியில் பர்மாவின் அரக்கான் கரையில் அக்யாப், மியேபோன், காங்கா என்று அடுத்தடுத்து நடந்த தரையிறக்கங்களுக்குத் துணையாக ஜம்னாவும் நர்பதா என்ற ஸ்லூப்பும் கரையை நோக்கிச் சுட்டன.

ஒரு கப்பல் எங்கே இருந்தது என்று தெரிந்தவுடன் தாத்தாவும் அங்கே இருந்தார் என்று முடிவுகட்டிவிடுவதுதான் இந்தத் தேடலில் நான் அதிகம் காணும் பிழை. மாலுமிகள் ஓரிரு ஆண்டில் மாற்றலாகிப் போவார்கள். ஜம்னா சிசிலியில் இருந்தது. உங்கள் தாத்தா இருந்தாரா? அவரிடம் இத்தாலி ஸ்டார் இல்லை, பர்மா ஸ்டார் இருக்கிறது. ஆகவே சிசிலிக்குப் பிறகு கப்பலில் சேர்ந்து அரக்கான் கரைக்குப் போனவர் என்பது என் ஊகம். ஊகம்தான். கப்பலில் சேர்ந்த தேதி கிடைக்கும் வரை பென்சிலில் எழுதி வையுங்கள்.

தல்வார் என்ற பெயர் வேறொன்றும் சொல்கிறது. அங்கே போனவர் பெரும்பாலும் வயர்லெஸ் அல்லது சிக்னல் பிரிவைச் சேர்ந்தவர். இதைப் போட்டோவிலேயே சரிபார்க்கலாம். ராயல் நேவி முறைப்படி வலது கையில் தொழில் பேட்ஜ், இடது கையில் பதவிச் சின்னமும் நன்னடத்தைப் பட்டைகளும். வலது கையில் இறக்கையும் மின்னல் கோடும் இருந்தால் தந்தியாளர், குறுக்காக இரண்டு கொடி இருந்தால் கொடிச் சைகை செய்பவர், உந்துவிசிறி இருந்தால் எஞ்சின் அறை. இடது கையில் ஒரு நங்கூரம் என்றால் லீடிங் சீமன் நிலை, குறுக்காக இரண்டு என்றால் அதற்கு மேல்நிலையான பெட்டி ஆபீசர். நன்னடத்தைப் பட்டை முதலாவது மூன்றாண்டுப் பணிக்குக் கிடைக்கும், எனவே அது இருந்தால் போட்டோ எடுத்த ஆண்டையே ஓரளவு குறிக்கலாம். போட்டோவின் பின்புறத்தில் ஸ்டுடியோ முத்திரை இருக்கிறதா பாருங்கள். அது எந்தத் துறைமுகத்தில் எடுத்தது என்று சொல்லிவிடும்.

தொப்பி நாடாவில் கப்பல் பெயர் இல்லையே, போலியோ என்று கேட்டிருந்தீர்கள். பெயர் இல்லாததுதான் அதற்கு நல்ல சாட்சி. எந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்தில் இருக்கிறது என்பது மாலுமியின் நெற்றியைப் பார்த்தே எதிரிக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று போர்க்காலத்தில் பெயரை எடுத்துவிட்டு முன்னெழுத்துகளை மட்டும் வைத்தார்கள். 'ஹிஸ் மெஜஸ்டிஸ் இண்டியன் ஷிப்' என்பதன் சுருக்கம் அது. 1943 தேதியோடு, முழுக் கப்பல் பெயரும் பளபளவென்று இருக்கும் நாடாவை யாராவது விற்க வந்தால்தான் நீங்கள் சந்தேகப்பட வேண்டும்.

டிஸ்சார்ஜ் சான்றிதழின் மீதிப் பாதியில் சில சுருக்கக் குறிகள் வரலாம். 'வி.ஜி.' என்றால் நடத்தை மிக நன்று. ராயல் நேவி ஏடுகளில் 'டி.டி.' என்பது பணியில் இறந்தவர், 'ரன்' என்பது சொல்லாமல் போய்விட்டவர். 'எஸ்.என்.எல்.ஆர்.' என்றால் இனி இவர் பணி தேவையில்லை என்று அனுப்பப்பட்டவர்.

இங்கே சற்று நிற்க வேண்டும். தல்வாரும் அடையாறும் 1946-இல் எப்படிப்பட்ட இடங்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1946 பிப்ரவரி 18-ஆம் தேதி தல்வாரில்தான் மோசமான சாப்பாட்டையும் அவமரியாதையையும் எதிர்த்து மாலுமிகள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஓரிரு நாளில் அது பம்பாய், கராச்சி, கல்கத்தா, சென்னை என்று பரவியது. அடையாறு மாலுமிகளும் சேர்ந்தார்கள். 23-ஆம் தேதி முடிவுக்கு வந்தது. பிறகு நூற்றுக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். தாத்தா 1946-இல் விலகியிருந்தால் அவரும் கலந்துகொண்டவர் என்று பெருமையோடு எழுதிவிடத் தோன்றும். பொறுங்கள். போர் முடிந்ததும் 1945, 46-இல் ஆயிரக்கணக்கானோரைச் சாதாரணமாகவே ஆட்குறைப்பில் அனுப்பினார்கள். 1939-இல் இரண்டாயிரம் பேருக்கும் குறைவாக இருந்த படை, போரின்போது 25,000-த்தைத் தாண்டியிருந்தது. அவ்வளவு பேரை வைத்துக்கொள்ள அரசுக்கு மனமில்லை. விலகியதற்கு எழுதியிருக்கும் காரணம்தான் முடிவு சொல்லும். அது 'எஸ்.என்.எல்.ஆர்.' ஆக இருந்தால் தயவுசெய்து அதை வீட்டில் மறைக்க வேண்டாம். பல குடும்பங்களில் இந்த ஒரு வரிக்காகவே சான்றிதழைக் கிழித்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம். அந்த வரிக்குப் பின்னால் ஒழுக்கக்கேடு இருக்க வேண்டுமென்பதில்லை. சுயமரியாதைக்காக நின்றதும் இருக்கலாம்.

இனி வெளியே தேடலாம். இந்தியக் கடற்படை மாலுமிகளின் பணி ஆவணங்களைப் பேணும் அலுவலகம் மும்பை மான்குர்டில், சீட்டா கேம்ப்பில் உள்ள பீரோ ஆஃப் செய்லர்ஸ். பெயர், எண், பிறந்த ஆண்டு, சேர்ந்த இடம், நீங்கள் பேரன் என்பதற்கான சான்று இவற்றோடு எழுதுங்கள். 'எல்லா விவரமும் வேண்டும்' என்று எழுதாதீர்கள். சேர்ந்த தேதி, கப்பல் மாற்றங்கள், விலகிய காரணம், மெடல் தகுதி என்று நான்கே கேள்வி. பதில் வர மாதங்கள் ஆகும். பதிலே வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு அதே நான்கு கேள்வியைக் கேட்கலாம்.

உள்ளூரிலும் ஒரு கதவு இருக்கிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். உலகப்போர் வீரர்களுக்கோ அவர்கள் மனைவியருக்கோ உதவித்தொகை வந்திருந்தால் அங்கே எண், பதவி, பணிக்காலம் பதிவாகியிருக்கும். பாட்டி ஏதாவது தொகை வாங்கினாரா என்று வீட்டில் விசாரியுங்கள்.

கப்பலின் கதைக்கு டெல்லி தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. அதன் 'அபிலேக் படல்' இணையதளத்தில் பதிவு செய்துகொண்டு வீட்டிலிருந்தே தேடலாம். தாத்தா பெயரைப் போட்டால் ஒன்றும் வராது. கப்பல் பெயரையும் ஆண்டையும் போடுங்கள். லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களும், கியூ என்ற பகுதியில் உள்ள பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகமும் அடுத்த நிலை. கியூவில் 'ஏடிஎம் 199' என்ற வரிசையில் போர்க்கால அறிக்கைகளும், கான்வாய் (காவலோடு கூட்டமாகச் சென்ற கப்பல்கள்) விவரங்களும் உள்ளன. கப்பல் நாட்குறிப்புகள் 'ஏடிஎம் 53' வரிசை. ஆனால் போரின் பிற்பகுதியில் சிறிய கப்பல்களின் நாட்குறிப்புகள் பெரும்பாலும் எஞ்சவில்லை, அதற்காக முதலிலேயே பணம் கட்டிவிடாதீர்கள். நேவி லிஸ்ட் என்ற புத்தகத்தில் அதிகாரிகள் மட்டுமே வருவார்கள், மாலுமிகள் வரமாட்டார்கள். வீரப் பதக்கம் ஏதும் பெற்றிருந்தால் பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஸட்டில் பெயர் இருக்கும், அதை இணையத்தில் இலவசமாகத் தேடலாம்.

இதைப் படிக்கும் வேறு சிலருக்காகவும் ஒரு சொல். 'கப்பலில் இருந்தார்' என்று வீட்டில் சொன்னால் கடற்படை என்று முடிவு செய்யாதீர்கள். வணிகக் கப்பல்களில் இந்திய மாலுமிகள் ஏராளமாகப் பணி செய்தார்கள், ஏராளமாக இறந்தார்கள். மும்பையில் இந்திய மாலுமிகள் இல்லத்தில் உள்ள 1939–45 நினைவேட்டில் 6,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன, அவற்றில் மிகப் பெரும்பான்மை வணிகக் கப்பல் மாலுமிகள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடலாம். திருகோணமலைத் தளத்திலோ சிங்கப்பூர் செம்பவாங் தளத்திலோ வேலை செய்தவர்கள் பெரும்பாலும் குடிமைப் பணியாளர்கள், படைப் பதிவேட்டில் வரமாட்டார்கள். பாட்டி வேலை பார்த்தார் என்றால் பெண்கள் துணைப்படையின் கடற்படைப் பிரிவையும் மறக்க வேண்டாம். தல்வாரிலும் பெண்கள் பணியாற்றினார்கள்.

பொருள்களுக்கு வருகிறேன். சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். இரண்டுமே தாளைத் தின்றுவிடும், திரும்பப் பிரிக்க முடியாது. அமிலமில்லாத தாள் உறைக்குள் தட்டையாக வையுங்கள். முதலில் இரு பக்கமும் 600 டிபிஐ-யில் வண்ண ஸ்கேன் எடுங்கள். அழிந்த தேதிகள் திரையில் நிறத்தை மாற்றிப் பார்க்கும்போது சில நேரம் எழுந்து வரும். நாடாவைத் துவைக்க வேண்டாம், அந்தப் பொன்னிற நூல் கறுத்துவிடும். மெடல்களைப் பழைய ரிப்பனோடேயே வையுங்கள். புது ரிப்பன் அழகாக இருக்கும், ஆனால் அந்தப் பழைய மடிப்பில் தாத்தாவின் ஊசிக் குத்துகள் இருக்கின்றன. பெட்டியில் பொருள்கள் எந்த அடுக்கில் இருந்தன என்பதையும் போட்டோ எடுத்துவிட்டுப் பிரியுங்கள்.

அத்தை மகனின் திசைகாட்டியை நான் படத்தில்தான் பார்த்தேன். பெரிய எழுத்தில் 'ராயல் நேவி' என்றும் லண்டன் என்றும் அழகாகச் செதுக்கியிருப்பவை பெரும்பாலும் அலங்காரத்துக்காக இப்போது செய்தவை. கடற்படைக் கருவியில் அலங்காரம் இருக்காது. 'ஏ.பி.' என்று தொடங்கும் அட்மிரால்டி பேட்டர்ன் எண்ணும், தொடர் எண்ணும், சில நேரம் அரசு உடைமையைக் குறிக்கும் அம்பு முனையும்தான் இருக்கும். அவருக்கு அது பிடித்திருந்தால் மேசையில் இருக்கட்டும், குடும்ப வரலாற்றுப் பட்டியலில் மட்டும் சேர்க்காதீர்கள். உண்மையான பழைய கருவி கையில் வந்தால் ஓர் எச்சரிக்கை: இருட்டில் ஒளிரும் முகப்பு உள்ளவற்றில் ரேடியம் பூசியிருப்பார்கள். ஒளி செத்துப்போனாலும் கதிர்வீச்சு சாகாது. கண்ணாடியைத் திறக்கக் கூடாது. குண்டு உறை, தோட்டா எதுவும் கிடைத்தால் தொடாமல் காவல் நிலையத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் தம்பிக்கு இவற்றை அனுப்பலாமா என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த பொருள்களுக்கும், வரலாற்று மதிப்புள்ள ஆவணங்கள் என்றால் 75 ஆண்டு கடந்தவற்றுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு உண்டு. விசாரிக்காமல் பார்சல் போட வேண்டாம். ஸ்கேன்களை அனுப்புங்கள். என்னைக் கேட்டால் மெடல்களை அண்ணன் தம்பிக்குள் பங்கு பிரிக்கவே கூடாது. நான்கும் சேர்ந்து இருந்ததால்தான் மேலே அந்தக் கணக்கைப் போட முடிந்தது. ஒன்று குறைந்திருந்தால் 1943 என்பதையே நாம் நம்பியிருப்போம்.

இதையெல்லாம் தொடங்குமுன் சித்தப்பாவோடு ஒரு மாலை உட்காருங்கள். போரில் என்ன நடந்தது என்று கேட்டால் அட்லாண்டிக் கதையேதான் வரும். தொப்பி நாடாவை அவர் கையில் கொடுத்துவிட்டு, அப்பா சீருடையை யார் துவைப்பார்கள், தூக்கத்தில் என்ன பேசுவார், வயர்லெஸ் சத்தம் போல விரலால் மேசையில் தட்டிக்கொண்டிருப்பாரா என்று கேளுங்கள். அவர் சொல்லும்போது குறுக்கே திருத்தாமல் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். 1942 பற்றி அவரிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.